கிண்ணத்தில் வைத்ததும் எலி தின்றதும்

"தின்னுச்சா, கொட்டுச்சான்னு யாரு சார் பாத்தா?"

கூண்டு கழுவுகிற அண்ணன் கேட்டது இவ்வளவுதான். "பதிவேட்டுல எல்லாம் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். வெந்தயம் எலியின் ரத்தக் கொலஸ்ட்ராலை இறக்குமா என்று பார்க்கும் ஆறு வாரச் சோதனையில் அது ஐந்தாவது வாரம். ஒரு குழுவுக்கு வெந்தயம் கலந்த தீவனம், வெந்தயம் இல்லாத தீவனம் ஒப்பிட வைத்த கண்ட்ரோல் குழுவுக்கு.

பதிவேட்டில் இருந்தது வெறும் கழித்தல் கணக்கு. மாலையில் எலிக்கு 25 கிராம் வீதம் பொடித் தீவனம், மறுநாள் மாலை கிண்ணத்தில் மிச்சம் எவ்வளவு என்று நிறுப்பது, குறைந்ததெல்லாம் தின்றது. 200 கிராம் எடையுள்ள விஸ்டார் இன ஆய்வக எலி நாளுக்கு 15 முதல் 20 கிராம் தின்னும். இரண்டு குழுவுக்கும் கணக்கு அதற்குள்தான் வந்தது. 'தீவன உட்கொள்ளலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற வரி மாணவியின் ஆய்வேட்டு வரைவில் ஏறியும்விட்டது.

அண்ணன் இழுத்துக் காட்டிய கூண்டுத் தட்டில், உமிக்கு நடுவே மஞ்சள் நிறத் தீவனப் பொடி மூத்திரத்தில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. வெந்தயக் குழுவின் கூண்டுகளில் மட்டும்தான் அப்படி. கண்ட்ரோல் கூண்டுகளில் உமி உமியாகவே இருந்தது. கசப்பு பிடிக்காத எலி, முன்னங்காலால் பொடியைக் கிளறி வெளியே தள்ளும். ஆழமான கிண்ணத்தில் பாதியளவே நிரப்பி, மேலே ஓட்டை போட்ட எஃகு வட்டு வைத்தால் பெருமளவு குறையும். நாங்கள் வைத்திருந்தது தட்டையான கிண்ணம்.

சிந்தினால் என்ன என்று விட்டுவிட முடியாது. எலிக்குக் கொலஸ்ட்ரால் லேசில் ஏறாது. எச்டிஎல் என்ற 'நல்ல' கொலஸ்ட்ராலிலிருந்து மற்றத் துகள்களுக்குக் கொலஸ்ட்ராலை மாற்றிவிடும் சிஇடிபி புரதம் மனிதர்களிடம் உண்டு, அதற்கு இல்லை. ரத்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு எச்டிஎல்லில்தான் இருக்கும். அதனால்தான் தீவனத்தில் 1 சதவீதம் கொலஸ்ட்ராலும் 0.5 சதவீதம் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலமும் சேர்க்கிறோம். ஏற்றிவிடுகிற சரக்கும் இறக்கவேண்டிய 10 சதவீத வெந்தயமும் ஒரே கிண்ணத்தில். கால்வாசியைக் கொட்டிய எலிக்குக் கொலஸ்ட்ராலும் கால்வாசி குறைவாகத்தான் உள்ளே போயிருக்கும். அப்படியானால் வெந்தயக் குழுவில் கொலஸ்ட்ரால் இறங்கியது வெந்தயத்தாலா, அரைப் பட்டினியாலா?

வெந்தயத்தாலும்தான் என்று வாதாட இடமிருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மா 1980களிலேயே எலிகளில் இதைக் காட்டியிருக்கிறார். காரணமும் புரிந்ததே: வழவழப்பைத் தரும் கேலக்டோமன்னன் நாரும் நுரைக்கும் சப்போனின்களும் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றன, ஈடுகட்ட ஈரல் கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் புதுப் பித்த அமிலம் செய்கிறது. எல்லாம் சரி. ஆனால் அவருடைய எலி ஒழுங்காகத் தின்றது என் எலி தின்றதற்குச் சாட்சி ஆகாது.

எடைப் பதிவேட்டைத் தீவனப் பதிவேட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வெந்தயக் குழு இளைத்திருந்தது. நார் அதிகம், அதனால் எடை ஏறவில்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நாருக்கு ஈடாகக் கண்ட்ரோல் தீவனத்தில் செல்லுலோஸ் நாரைச் சேர்த்தது நானேதான்.

இணைத் தீவனமுறை வைத்திருக்கலாம். வெந்தய எலி இன்று தின்றதைச் சிந்தியது போக நிறுத்து, அதே அளவை நாளை அதன் கண்ட்ரோல் ஜோடிக்குக் கொடுப்பது. அதற்குத் தனித்தனிக் கூண்டு வேண்டும், இன்னும் ஆறு எலி வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியை மறுபடி வாங்க வேண்டும். ஐந்தாவது வாரத்தில் எதற்கும் வழியில்லை. தொண்டைக்குழாய் வழியாக ஊட்டலாமே என்பார்கள். வெந்தயப் பொடியைத் தண்ணீரில் கரைத்த சில நிமிடத்தில் ஜெல்லாகி ஊசியை அடைக்கும். நீர்க்கக் கரைத்தாலோ உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி என்ற வரம்புக்குள் வேண்டிய அளவு போய்ச்சேராது. எந்தக் குணத்துக்காக வெந்தயத்தைத் தேர்ந்தோமோ, அதுவே குழாயில் சிக்கும்.

கடைசியில் மாற்றியது ஒரு சொல்லைத்தான். 'உட்கொண்ட தீவனம்' என்பதை 'கிண்ணத்தில் குறைந்த தீவனம்' என்று எழுதச் சொன்னேன். "சார், கொட்டினதையும் எழுதிரலாமா?" என்று மாணவி கேட்டாள். "அளக்காததை எப்படிம்மா எழுதுறது?" என்றேன். பொய்யில்லை, உமியில் ஊறியதை நிறுக்க முடியாதுதான். அளவு தெரியாவிட்டாலும் கொட்டியது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மலத்தில் பித்த அமிலம் கூடியிருக்கிறதே, குறைவாகத் தின்றால் அது கூடுமா என்ற ஒரு பிடி மட்டும் மிச்சமிருந்தது. அதையும் யோசிக்க யோசிக்கக் கை நழுவுகிறது. மலத்தைப் பொறுக்கியது அதே தட்டுகளிலிருந்து. கொட்டிய பொடியிலும் கோலிக் அமிலம் உண்டு. நொதிமுறை அளவீட்டுக்கு எலி வெளியேற்றியதும் நாங்கள் கலந்ததும் ஒன்றுதான். புழுக்கைகளை இடுக்கியால் எடுத்து, தூரிகையால் தட்டித்தான் உலர்த்தினோம். தூரிகைக்கு உலர்ந்த பொடி போகும். மூத்திரத்தில் ஊறி ஒட்டியது போகாது.