அதிபரைத் தேடிப் போன கதை

பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம், "அதிபரைப் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த நாட்டு அதிபரைம்மா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அதிபர், நாட்டுக்கு ஜனாதிபதி. சென்னையில் அதிபர் என்றால் அமெரிக்காவையோ ரஷ்யாவையோ ஆள்கிறவர். பள்ளிக்கூடத்தில் இருப்பவர் எச்.எம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மொழி ஒன்றுதானே, பிறகென்ன என்ற தைரியத்தில் வந்தவள் நான். பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம். நானும் புலம்பெயர்ந்தவள்தான் என்று சொன்னால், டொரொண்டோவில் வாசல் பனியை அள்ளிக் கொட்டுகிற என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மகள் டிசம்பரில் தரம் ஐந்தை முடித்திருந்தாள். இங்கே ஜூனில்தான் வகுப்பு தொடங்கும். கையில் நேரம் இருந்ததால், வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளியை ஆற அமரப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தோம். இதை வீட்டு ஓனர் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, சாருக்கு வேலையில எதுனா பிரச்சினையா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

1945-ல் இலங்கையின் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து வந்தவர்கள் நாங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் மீன் சந்தையில் நிற்பவரின் பிள்ளையும் ஒரே வாங்கில் (பெஞ்சில்) இருந்து படித்த ஊர். அங்கே அரச பாடசாலையா என்று யாரும் கேட்பதில்லை, எந்த அரச பாடசாலை என்றுதான் கேட்பார்கள். அதற்காக ஊரில் சமத்துவம் பொங்கி வழிகிறது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்காக, அதாவது கட்-ஆஃபுக்காக, பத்து வயதுப் பிள்ளைகளை நாங்கள் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. ஆனால் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே பால் பாக்கெட் போடுகிற தம்பி வரைக்கும் எட்டிப் பார்த்தார். காய்கறி வண்டி அக்கா, "தமிழ் மீடியமா?" என்று கேட்டுவிட்டு, எடை போட்ட பிறகு கூடுதலாக ஒரு கைப்பிடி கொத்தமல்லி வைத்தார். அனுதாபம்தான். வாங்கிக்கொண்டேன்.

சரி, பள்ளிக்கு வருவோம். மூன்று முறை போனேன்.

முதல் நாள் எச்.எம். அம்மாவிடம் மகளுடைய விடுகைப் பத்திரத்தை நீட்டினேன். "டி.சி.யைச் சொல்றீங்களா?" என்று வாங்கியவர், அந்த வார்த்தையை இன்னொரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா இது" என்றார். சென்னையில் காலடி வைத்த பிறகு என் தமிழை யாரோ ரசித்த முதல் தடவை அது. பாதி மதிப்பெண்ணை அங்கேயே போட்டுவிட்டேன். நடுநிலை என்றால் ஒன்றிலிருந்து எட்டு வரை என்றும், ஆறிலிருந்து பட்டதாரி ஆசிரியர்கள் எடுப்பார்கள் என்றும் விளக்கினார். கல்வி உரிமைச் சட்டம், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆறாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் 'பதிவு 28, வருகை 25' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் நெரிசலான வகுப்புகளில் படித்து வந்த மகள், "இவ்வளவு பேர்தானா அம்மா?" என்று காதைக் கடித்தாள்.

இரண்டாம் முறை வேண்டுமென்றே இன்டர்வெல் முடிகிற நேரத்துக்குப் போனேன். பள்ளி பார்க்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: காலையில் கழுவிவிட்ட கழிப்பறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் பார்த்தபோது தண்ணீர் வந்தது, வாளி இருந்தது, இரண்டு கதவுகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போக, இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளையை ஆறாம் வகுப்பில் விடப்போகிற தாய்க்கு இது சின்ன விஷயமில்லை. எச்.எம்.மிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். தாழ்ப்பாள் ஜூலையில் வந்தது.

அன்றைக்கே கணக்கு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். நாங்கள் கொப்பி என்போம். பின்னக் கணக்கு ஒன்று தப்பு, சிவப்பு மையில் வட்டம். அதற்குக் கீழே அதே கணக்கை அந்தப் பையன் திரும்பப் போட்டிருந்தான். அதற்கும் தேதியோடு தனியாக ஒரு டிக். ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்ட அவர்கள் ஆசைப்பட்டார்கள், பார்த்தேன். ஆனால் என்னை விழவைத்தது அந்த இரண்டாவது டிக்தான்.

மூன்றாம் முறை மதியச் சாப்பாட்டு நேரம். புதன்கிழமை, தக்காளி சாதமும் முட்டையும். 1920-லேயே மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள் என்று எச்.எம். அம்மா, தன் வீட்டுக் கல்யாணப் பந்தியைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னார். 2022-ல் தொடங்கிய காலை உணவு மட்டும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இன்றைக்கும் மகள் காலையில் பொங்கல் வாசனையைக் கடந்து வகுப்புக்குப் போகும்போது, "ஒரு வருசம் முந்தி வந்திருக்கலாம்" என்கிறாள்.

என் பெரிய பயம், பள்ளி எட்டோடு முடிவதுதான். மூன்று வருடத்தில் மறுபடி டி.சி., மறுபடி வாசல். போன வருடம் எட்டு முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவர் இடாப்பை (மன்னிக்கவும், பதிவேட்டை) எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சொன்னார். பெரும்பாலோர் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. "ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மெடிக்கல்ல 7.5 சதவீதம் தனி இடம் இருக்கு. காலேஜ் போனா பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய்" என்றார். எங்கள் கடவுச்சீட்டின் நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

சேர்த்தோம். பேச்சுவாக்கில் ஒருநாள், ஓனர் அம்மாவே மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர் என்று தெரியவந்தது. "அப்பல்லாம் வேறம்மா" என்றார். என்ன வேறு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மாத வாடகை இன்னும் கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வர, விட்டுவிட்டேன்.

இப்போது பழகிவிட்டது. மகள் அடிமட்டத்தை ஸ்கேல் என்கிறாள், சப்பாத்தை ஷூ என்கிறாள். நானும் காலை எட்டரைக்கு வாட்ச்மேன் அண்ணாவுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறேன். அவர் என்னை 'அதிபர் அம்மா' என்கிறார். நவராத்திரி வந்தபோதுதான் கொஞ்சம் ஆடிப்போனேன். இங்கே ஆயுத பூஜைக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள், லீவு விட்டார்கள். ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்து வாணிவிழாவில், அதாவது சரஸ்வதி பூஜையில், வகுப்புக்கு வகுப்பு பிரசாதம். எட்டாம் வகுப்பு அக்காமார் அவலில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த கை மணம்... அதை எந்த வார்த்தையில் மொழிபெயர்த்து இவளுக்குச் சொல்ல?

அன்றிரவு அம்மாவுடன் வாட்ஸ்அப்பில் கதைத்தேன். பேத்தியின் பள்ளிக்கூடம் பற்றித்தான் முதல் கேள்வி.

"எச்.எம். நல்ல மனுசி அம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எச்சமோ? அது ஆரடி பிள்ளை?" என்றார்.