லண்டனில் 1942ஆம் வருடத்து கவுனை ஆர்டர் போட்டுப் பார்த்தேன்

மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற கவுனைப் பார்த்து எனக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை. முன்பக்கம் மட்டும்தான் தெரியும், வெளிச்சமும் மங்கல் (துணி வெளுத்துவிடும், அது நியாயம்தான்). தையல் தெரிந்தவர்களுக்கு வேண்டியது உள்பக்கம். எவ்வளவு துணி உள்ளே விட்டிருக்கிறார்கள், ஓரத்தை எப்படி அடித்திருக்கிறார்கள், காஜா கையால் போட்டதா மெஷினா, இதெல்லாம் புரட்டினால்தானே தெரியும்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 2025 மே கடைசியில் ஹாக்னி விக் பக்கம், 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மீடியா சென்டரில், தன் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டது. பெயர் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். இரண்டரை லட்சம் பொருட்களுக்கு மேல் இருக்கின்றன. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டால் மேசையில் எடுத்துவைத்துக் காட்டுகிறார்கள். காசு கிடையாது, மாணவரா ஆராய்ச்சியாளரா என்ற கேள்வியும் கிடையாது, சும்மா ஆசை என்றாலும் சரி. ஒரு தடவைக்கு 5 பொருட்கள் வரை கேட்கலாம், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். காட்சியில் இருப்பதும் வேறு மியூசியத்துக்கு இரவல் போனதும் கிடைக்காது.

திறந்த புதிதில் எல்லாரும் முட்டி மோதி ஆர்டர் போட்டது பிரபல டிசைனர் பாலென்சியாகாவின் 1954 இளஞ்சிவப்பு டாஃபெட்டா (மொடமொடப்பான பட்டுத்துணி) விருந்து கவுனை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பகலில் கடைக்கும் ஆபீசுக்கும் போட்டுப் போகிற சாதாரண உடுப்பு, அதுவும் பெரிய டிசைனர் கையிலிருந்து வந்தது. அப்படி ஒரு தொகுப்பே அங்கே இருக்கிறது.

போர்க்காலத்தில், 1941 ஜூன் 1 முதல் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். முதல் வருடம் ஓர் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். கூடவே ‘யுட்டிலிட்டி’ என்று தரமும் விலையும் கட்டுப்படுத்திய உடைகளை அரசு கொண்டுவந்தது. மலிவு உடுப்பு அசிங்கமாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று, 1942இல் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ், டிக்பி மார்ட்டன், விக்டர் ஸ்டீபல் மாதிரி லண்டனின் பெரிய கைகளையே மாதிரி உடைகள் செய்யச் சொன்னார்கள். (இந்த ஹார்ட்னெல்தான் பிறகு எலிசபெத் ராணியின் கல்யாண கவுனும் முடிசூட்டு கவுனும் செய்தவர்.) அந்த மாதிரிகளை அதே வருடம் போர்டு ஆஃப் டிரேட் (அரசின் வணிகத் துறை) இந்த மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டது.

மியூசியத்தின் இணையப் பட்டியலில் தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். டிசைனர் பெயரைப் போட்டால் பளபளப்பானவைதான் முதலில் வந்து நிற்கும். ‘யுட்டிலிட்டி’, ‘போர்டு ஆஃப் டிரேட்’ என்று போட்டு 1942ஐச் சேர்த்துத் தேடுங்கள். பொருள் எண்ணின் கடைசியில் இருப்பது அது மியூசியத்துக்கு வந்த வருடம், ஆக 1942 என்று முடிந்தால் தைத்த கையோடு வந்தது என்று அர்த்தம். அப்புறம், ஆர்டர் போடும்போதே ‘உள்தையலும் ஓரமும் பார்க்க வேண்டும்’ என்று எழுதிவிடுவது நல்லது. பழைய துணியை நினைத்தபடி புரட்ட முடியாது, எதுவரை விரிக்கலாம் என்று அவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டுமே.

போன அன்று பை லாக்கருக்குள், பேனாவும் உள்ளே வராது, பென்சில்தான். பொம்மைக்கு மாட்டிக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், மெல்லிய காகிதத்தின் மேல் படுக்கவைத்திருப்பார்கள். நான் கேட்டிருந்த 1942 கவுன் முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது, சதுரத் தோள், ஒடுங்கிய இடுப்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற பாவாடை, அவ்வளவுதான். ஊழியர் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், நான் எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய சிக்கனச் சட்டப்படி ஒரு கவுனுக்கு 5 பட்டனுக்கு மேல் கூடாது, 2 பாக்கெட், பாவாடையில் 6 மூட்டு (துண்டுகளை இணைக்கும் தையல்), பெட்டி மடிப்பு (எதிரெதிராக மடிப்பது) என்றால் 2, கத்தி மடிப்பு (ஒரே பக்கமாக மடிப்பது) என்றால் 4, அலங்காரத் தையல் என்று இஷ்டத்துக்கு ஓட்டவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கவுன் கணக்குப் பரீட்சைத் தாள் மாதிரி ஆகிவிடுகிறது. பாவாடைக்கு விரிவு வேண்டும், அதற்கு மேல் மடிப்பு வைக்க அனுமதி இல்லை, சரி, துணியைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி வெட்டிவிடு. பூவேலை கூடாதா, மூட்டு எங்கே விழுகிறதோ அதையே பார்க்க அழகாக ஆக்கிவிடு. வெளியே ஒரு ஆடம்பரமும் தெரியாது, ஆனால் தோள்பட்டையில் கை பொருந்தியிருக்கிற விதத்தைப் பார்த்தால் தைத்தவர் யாரோ பெரிய கை என்று சொல்லிவிடலாம். நம் ஊர் தையல்காரர்கள் பிரித்துவிட வசதியாக உள்ளே தாராளமாகத் துணி விடுவார்களே, அந்தச் சலுகை இங்கே இல்லை.

இந்த மாதிரிகளைப் பார்த்துத் தொழிற்சாலைகள் தைத்து விற்றபோது டிசைனர் பெயர் போடவில்லை, ‘சிசி41’ என்ற முத்திரை (யுட்டிலிட்டி உடைக்கான அரசு அடையாளம்) மட்டும்தான். எனக்கு அது இப்போதைய பிராண்டு மோகத்தைவிட நூறு மடங்கு மேல் என்று தோன்றுகிறது, நீங்கள் மாறுபடலாம்.

படம் எடுக்க நினைத்தால் முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாதி நேரம் பென்சிலால் மூட்டுகளை வரைந்துகொண்டிருந்தேன். அடுத்து 1950களில் ஹாராக்ஸஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த பருத்தி கவுன் ஒன்றைக் கேட்கலாம் என்றிருக்கிறேன், ரேஷன் 1949இல் முடிந்தபிறகு பாவாடைக்குள் எவ்வளவு துணியைக் கொட்டினார்கள் என்று டேப் வைக்காமலாவது கண்ணால் அளந்து பார்க்க வேண்டும்.