கத்துகிறவனிடம் முதலில் போகாதே

ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட்டாகச் சேருவது எப்படி என்று எங்கள் ஊர்ப் பையன்கள் அடிக்கடி வந்து கேட்கிறார்கள். வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் இருந்தும், இந்தப் பிரிவு என்றால் ஊசி போடுகிற வேலை, சண்டைக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் இங்கே பேச்சு. என் அம்மா சம்மதித்ததே அதனால்தான். நானும் திருத்தப் போகவில்லை.

ஆள் எடுக்கும் கதை சுருக்கமானது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு (முன்பு கடைசியில் இருந்தது, 2023 முதல் இதுதான் முதலில்), ஒரு மைல் ஓட்டம், புல்-அப்ஸ், ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டுவது, அப்புறம் மருத்துவப் பரிசோதனை. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஓடிப் பழகுவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் காலையும் கண்ணையும் காதையும் காட்டிவிடுவது நல்லது.

காட்பாடியில் ரயிலேறி லக்னோ போய் இறங்கினோம். ராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. முதல் சில மாதங்கள் மருந்து வாசனையே கிடையாது. அணிவகுப்பு, கயிறேற்றம், துப்பாக்கி, தவறினால் ரக்டா என்கிற உடற்பயிற்சித் தண்டனை. உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், இந்தியில் திட்டும்போது எங்களில் பாதிப் பேருக்கு, திட்டுகிறார் என்பது மட்டும்தான் விளங்கியது. மருத்துவச் சிப்பாய்க்குத் துப்பாக்கி எதற்கு என்று ஒருவன் கேட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். பதில் பிறகு வகுப்பறையில் கிடைத்தது. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது என்கின்றன. தன்னையும் தன்னிடமுள்ள காயம்பட்டவர்களையும் காக்க மட்டும் அவர் ஆயுதம் வைத்திருக்கலாம். எதிரே இருப்பவன் அதைப் படித்திருப்பான் என்று நம்பிக்கொண்டு படுத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எலும்புகள், ரத்தக்குழாய்கள், மருந்துகள், வார்டு வேலை. ஒருவர் கையில் மற்றவர் நரம்பு தேடிக் குத்தியதில் அந்த வாரம் முழுக்க எல்லோர் முழங்கையும் கறுத்துக் கிடந்தது. ஆனால் படிப்பின் சாரம் வெளியில், புதருக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் கிடைத்தது. ஒவ்வொரு சிப்பாயிடமும் ஒரு காயக்கட்டு இருக்கும். அடிபட்டவனுக்கு அவனுடைய கட்டையே எடுத்துக் கட்ட வேண்டும், உன்னுடையது உனக்கு. நெஞ்சில் துளை விழுந்து மூச்சோடு காற்று உள்ளே போனால், அந்தக் கட்டைச் சுற்றியிருந்த உறையையே துளைமேல் வைத்து மூன்று பக்கம் ஒட்டி ஒரு பக்கத்தைத் திறந்து விட வேண்டும். தொடையில் ரத்தம் பீறிட்டால், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகெட்டை முறுக்கி, இறுக்கிய நேரத்தை நெற்றியில் எழுத வேண்டும். வலி மருந்தான மார்பின் கொடுத்தாலும் நெற்றியில்தான் குறிப்பு. தலையில் அடிபட்டவனுக்கு அது கிடையாது. சீட்டு தொலைந்துபோகும், நெற்றி தொலையாது என்பார் உஸ்தாத்.

ஒரு நாள் எங்களிலேயே சிலருக்குச் சிவப்புச் சாயம் பூசிப் பள்ளத்தில் கிடத்தினார்கள். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு ஊரையே கூட்டுகிற மாதிரி அலறினான். கிட்டத்தட்ட எல்லோரும் ஓடியது அவனிடம்தான். இரண்டு கஜம் தள்ளி இன்னொருவன் சத்தமின்றிக் கவிழ்ந்து கிடந்தான். உஸ்தாத் அவனைப் புரட்டிக் காட்டினார்: சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'மூச்சுக்குழாய் அடைப்பு' என்று எழுதியிருந்தது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவன் காத்திருப்பான், பேசாதவனிடம் முதலில் போ என்றார். அலறுகிற தோழனைத் தாண்டிப் போகக் கால் பழகுவது, டூர்னிகெட் கட்டப் பழகுவதைவிட எனக்குக் கடினமாக இருந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. மறைவு பார்த்துப் போ. நீ விழுந்தால் உனக்குப் பின்னால் கிடக்கிற அத்தனை பேருக்கும் கதி இல்லை. இதைத் தினமும் ஓதுவார்கள்.

பயிற்சி முடிந்ததும் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றோடு இணைத்து உயரமான மலைக்கு அனுப்பினார்கள். குண்டடியைவிட அங்கே நாங்கள் அதிகம் போராடியது மெலிந்த காற்றோடு. ஒரு பனிக்கால இரவில் புதிதாக வந்த சிப்பாய் ஒருவனுக்கு இருமல். விளக்கடியில் பார்த்தால் சளியில் இளஞ்சிவப்பு நுரை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் இந்த நோயை நாங்கள் ஹேப்போ என்போம். கீழே இறக்குவதுதான் வைத்தியம். ஆனால் விடியும்வரை ஹெலிகாப்டர் வராது. ஆக்சிஜன் கொடுத்தோம். பிறகு ஆளை ஒரு பெரிய பைக்குள் படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் பம்பை மிதித்துக் காற்றை ஏற்றினோம். உள்ளே அழுத்தம் கூடினால், அவன் சில ஆயிரம் அடி கீழே இறங்கிவிட்டதாக உடல் நினைத்துக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அவன் விட்ட மூச்சையே அவன் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். நானும் ஒரு பிகாரி சமையல்காரரும் மாறி மாறி மிதித்தோம். பையில் உள்ளங்கை அகல ஜன்னல் ஒன்று இருக்கும். அதில் டார்ச் அடித்து உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன். சலைன் பாட்டில் உறையாமலிருக்கச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டியிருந்தேன். காலையில் ஹெலிகாப்டர் அவனை ஏற்றிப் போனது; பிழைத்துக்கொண்டான். சமையல்காரர் நேராகப் போய் ரொட்டி சுட ஆரம்பித்தார்.

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த கைகலப்பைப் பற்றிக் கேட்டபோது நான் பணியிலிருந்து விடுபட்டிருந்தேன். அங்கே உயிர்விட்ட இருபது பேரில் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாயக் தீபக் சிங்கைத் தெரிந்தவர்கள் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் ரேவாவைச் சேர்ந்தவர். 16 பிகார் பட்டாலியனோடு இணைக்கப்பட்டிருந்த நர்சிங் அசிஸ்டெண்ட். கல்லடியில் தனக்கே பலத்த காயம் பட்ட பிறகும் அடிபட்டவர்களை விட்டு நகராமல் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துக் காப்பாற்றியிருக்கிறார். இறந்த பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் மனைவி ரேகா சிங் நம் சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயின்று 2023இல் லெப்டினன்ட் ஆனார்.

மறைவு பார்த்துப் போ என்று தீபக் சிங்குக்கும் ஓதித்தான் இருப்பார்கள். கையால் அடித்துக்கொள்கிற இருட்டில், நாலா பக்கமும் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கும்போது, மறைவுக்கு எங்கே போவது? மற்ற பாடங்களையெல்லாம் கடைசிவரை பிடித்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார். வீர் சக்ரா என்றால் துப்பாக்கியோடு பாய்வது என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

சேரப் போகிற தம்பிகளுக்கு இன்னொரு விஷயம். விடுபட்டு வந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கேட்டேன். நர்சிங் கவுன்சில் பதிவு எங்கே என்றார்கள். பதினேழு வருடக் கைப்பழக்கத்தை அந்தப் படிவத்தில் எழுத இடமே இல்லை. பணியில் இருக்கும்போதே பயிற்சிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வார்டில் வேலை செய்ததற்கான கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, இரண்டிரண்டு நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் லக்னோவுக்குக் கடிதம் போட்டுவிட்டுத் தபால்காரரின் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.