தங்கூசித் துண்டு

போன மாசம் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு சர்க்கரை சென்சார் வாங்கிக்கொண்டு போனேன். புஜத்தில் ஒட்டிவிட்டால் 14 நாளைக்கு விரலில் குத்தாமலே செல்போன் அளவைக் காட்டும். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் என் ஆபீசில் மூன்று பேர் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்த ஆசை.

அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுப்பவள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். பத்து விரலிலும் துணி சுற்றி, காலில் செருப்பை இறுக்கிக் கட்டி, பார் என்கிற கடலடிப் பாறை மேல் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவாள். ஐந்து மணி நேரம் உப்புத் தண்ணிக்குள். பெட்டியில் இருந்த தாளை நான் அப்புறம்தான் படித்தேன். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்குமாம். குளிக்கிறவர்களை மனசில் வைத்துச் செய்த சாமான். இரண்டாம் நாளே கழன்றுவிட்டது. "ஐயாயிரத்தையும் மீனு தின்னுருச்சு தாயி" என்று சிரித்தாள்.

சரி, குளுக்கோமீட்டர்? பார் கீறிக் கீறி விரல் நுனி காய்ப்பேறிக் கிடக்கிறது. இரண்டு தடவை குத்தினால்தான் ஒரு சொட்டு வரும். ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய் பக்கம். எரர் காட்டினால் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

மாத்திரைக்குக் கவலையில்லை. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. இந்தக் கிளிமிபிரைடைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். அம்மாவோ விடியுமுன் டீயோடு அதை விழுங்கிவிட்டு வத்தைப் படகில் ஏறிவிடுவாள். ஒருநாள் தண்ணிக்குள்ளேயே கண் இருட்டிவிட்டது. கூட முங்கியவர்கள்தான் முடியைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அவள் வழக்கமாகப் போகிற கிளினிக்கில், என்ன வேலை செய்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்தமுறை 40 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் ராமநாதபுரம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான். கடலுக்குப் போகிற நாளில் எந்த வேளை எதைப் போடுவது என்று தனிச் சீட்டில் எழுதித் தந்தார். அப்புறம் காலைக் காட்டச் சொல்லி, ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து வளையும்வரை அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. அது உறைக்கவில்லையென்றால் காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. பார் கிழித்தாலும் தெரியாது. அம்மா குனிந்து பார்த்து, "இது நம்ம தங்கூசி மாதிரில்ல இருக்கு" என்றாள். தங்கூசி என்றால் மீன்வலை நைலான் இழை. வலது கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு இடத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

சென்சார் விலை குறையட்டும், நல்லதுதான். சின்னப்பாலத்துக்கு மாசம் ஒருமுறை அந்த இழையோடு யாராவது வந்தால், நான் அதற்கே கும்பிடுவேன்.

நேற்று போனில் அம்மா ஒரு செய்தி சொன்னாள். கிழிந்த வலையிலிருந்து ஒரு தங்கூசித் துண்டை வெட்டி வைத்திருக்கிறாளாம். அதன் தடிமன் வேறு, அதை நம்பாதே என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அத்தையின் காலில் வைத்து அழுத்திவிட்டாள்.

"நாலு தடவை அழுத்திட்டேன். இன்னும் வைக்கலையா மதினிங்குறா" என்றாள்.