இளைஞர் மன்றத்தை யாரும் மூடவில்லை

ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்தை இடித்தாகிவிட்டது. இடித்தது சரியா தப்பா என்ற சண்டையை நான் மறுபடி கிளப்பப் போவதில்லை. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய குழப்பமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய முன்பகுதி இன்னும் பல காலம் நின்றிருக்கும். பிற்பாடு பின்னால் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் பகுதிதான் ஆபத்து. மேல்தளத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருவேறிக் கிடந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். வகுப்பறைக்கு மேலே அப்படியொரு தளத்தை வைத்துக்கொண்டு பழம்பெருமை பேச எனக்கு வாய் வராது.

இங்கிலாந்தில் 2018இல் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை அப்படியே விழுந்தது. காற்றுக் குமிழிகள் நிறைந்த ஒருவகை இலகு கான்கிரீட் அது. விழுந்தது வார விடுமுறை நாளில், உள்ளே யாரும் இல்லை. அதே கான்கிரீட் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, அந்தப் பகுதிகளை உடனே மூடுங்கள் என்று உத்தரவு போனது 2023 ஆகஸ்டு கடைசியில், புதிய பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது. நடுவில் போன ஐந்து வருடங்களில் யார் தலையிலும் விழவில்லை என்பதை அதிர்ஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

முன்பகுதியை மட்டுமாவது விட்டிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு, நானும் கேட்டேன். இரண்டு பகுதிகளும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றன. பிரித்தெடுக்க ஆகும் செலவைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. சரி, போகட்டும்.

என் வருத்தம் வேறு. அந்தக் கட்டடத்தின் மேற்குக் கோடியில் இரண்டு அறைகள் இருந்தன. ஒரு காலத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த இடம். அந்தப் பாடம் நின்றுபோனபின் சாயங்காலங்களில் அதுதான் இளைஞர் மன்றம். ஒரு கால் குட்டையாகி மரக்கட்டை முட்டுக் கொடுத்த டேபிள் டென்னிஸ் மேசை, மூலைப் பையில் வலை கிழிந்த கேரம் போர்டு, நான்கு நரம்புகளே மிஞ்சிய ஒரு கிதார், பாதிப் புத்தகங்களுக்கு அட்டை இல்லாத அலமாரி. அடுத்த ஆட்டம் யாருடையது என்று கரும்பலகையில் பெயர் எழுதிப் போட வேண்டும். பெயரை அழித்து முன்னால் எழுதிக்கொள்வதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். சாவி காவலாளியிடம். அவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம்தான் மன்றம் மூடும் நேரம், அதற்கு மேல் சட்டதிட்டம் கிடையாது.

முக்கியமான விஷயம், அந்த அறைகளுக்கு வெளிப்புறமாகத் தனிக் கதவு இருந்தது. மரக்கட்டைகளை நேராக உள்ளே இறக்குவதற்காக வைத்த அகலக் கதவு. பள்ளி பூட்டியிருந்தாலும் மன்றம் நடந்ததற்கு அந்தக் கதவே காரணம். வேறு யாருடைய பெருந்தன்மையும் இல்லை.

இடிப்பதற்கு முன் தயாரித்த அறிக்கையை வாங்கிப் படித்தேன். தொழில் பழக்கம், கடைசிப் பக்கத்து அட்டவணைக்குத்தான் முதலில் கண் போகும். வகுப்பறைகள், ஆசிரியர் அறை, கழிப்பறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேற்குக் கோடி அறைகளுக்கு எதிரே 'பணிமனை, பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதியவர் மீது குற்றம் சொல்ல மாட்டேன். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் அந்த அறைகள் பயன்பாட்டில் இல்லாமல்தான் இருக்கும்.

பள்ளி எங்கும் போய்விடவில்லை. அதற்குப் பதிவேடு உண்டு, மாணவர் எண்ணிக்கை உண்டு, ஒரு பிள்ளைக்கு எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதி உண்டு. பழையதை இடித்தால் புதியதைக் கட்டியே ஆக வேண்டும், கட்டுகிறார்கள். மன்றத்துக்கு வாடகை ஒப்பந்தம்கூடக் கிடையாது. அதை மூட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மூட நினைத்திருந்தால் தேவலை என்பேன். ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள், ஓர் ஆணை எழுதியிருப்பார்கள், நாலு பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கட்டடம் போனதோடு அதுவும் போயிற்று.

இடிப்பதைப் போய்ப் பார்த்தேன். பொக்லைன் வந்து ஒரே மோதாக மோதும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். முதலில் மின்சாரம், தண்ணீர் இணைப்புகளைத் துண்டித்தார்கள். அப்புறம் சைக்கிள் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள். அவற்றை உடைக்காமல், நனைத்து நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும். உடைத்தால் பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும். இந்த ஆட்கள் முகக்கவசம் போட்டுப் பொறுமையாகச் செய்தார்கள். அதற்கே ஒரு கும்பிடு. பிறகு கதவு, ஜன்னல், நிலை. அதற்குப் பிறகுதான் கூரை.

கூரை போனபின் நிற்கும் சுவர்தான் மோசமான சுவர். மேலே பிடித்துக்கொண்டிருந்த தளம் இல்லை, பக்கவாட்டில் காற்று தள்ளினாலே போதும். நான் தெரிந்தும் ஒரு படம் எடுக்கக் கொஞ்சம் கிட்டே போனேன். "சார், அந்தச் சுவரு பக்கம் நிக்காதீங்க. அது எப்ப வரும்னு அதுக்கே தெரியாது" என்று ஆபரேட்டர் கத்தினார். நான் வகுப்பெடுத்தால் அரைமணி நேரம் இழுத்திருப்பேன்.

செங்கல்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பகுதியில் கற்கள் முழுசாக வந்தன. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, கொத்துக்கரண்டியால் தட்டினால் உதிர்ந்துவிடும், கல் மறுபடி சுவராகும். சிமெண்டு அப்படி விடாது. கல்லும் சிமெண்டும் சேர்ந்தே உடையும். பின்பகுதி முழுக்க அப்படி உடைந்து, பள்ளம் நிரப்பத்தான் போயிற்று.

மன்றம் போனால் என்ன, விளையாட வேறு இடமா இல்லை என்று கேட்கிறவர்களுக்கு லண்டனைக் காட்டுவேன். 2010க்கும் 2019க்கும் இடையில் அங்கே இளைஞர் மன்றங்களில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டன. அரசுச் செலவைக் குறைத்த காலம் அது. நிதி ஆய்வுக் கழகம் (IFS) என்ற பிரிட்டன் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பக்கத்திலிருந்த மன்றத்தை இழந்த 10 முதல் 17 வயது வரையிலானவர்கள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. பதினாறு வயதில் எழுதும் தேர்வில் மதிப்பெண்ணும் இறங்கியது, ஏறத்தாழ ஒரு பாடத்தில் அரை கிரேடு. மன்றத்தை மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல அத்தனை வருடங்கள் தேவைப்பட்டன. எங்கள் காவலாளியைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

காலியான பள்ளிகளை எப்படிக் கையாள்வது என்பதில் ஜப்பான் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. குழந்தைகள் குறைந்து அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. கட்டடம் நிற்கிற பள்ளிகளில் நான்கில் மூன்று பங்குக்கு ஏதோ ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டார்கள். முரோட்டோ என்ற ஊரில் 2018இல் ஒரு பழைய தொடக்கப் பள்ளி மீன் காட்சியகமாகத் திறந்தது. மாணவர்கள் நீந்திய 25 மீட்டர் குளத்தில் இப்போது கடலாமைகள். உடற்பயிற்சி வகுப்பில் தாண்டிக் குதிக்கும் பெட்டியைக்கூட மீன் தொட்டியாக்கியிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தின் நிலைமை அதற்கு இடம் தரவில்லை. ஆனாலும் அங்கே எனக்குப் பிடித்தது ஆமை இல்லை. கட்டடத்தைப் பட்டியலில் போட்டு, 'இதை யார் எதற்கு வேண்டுமென்கிறீர்கள்' என்று கேட்கும் வழக்கத்தை 2010லிருந்து கல்வி அமைச்சகமே நடத்துகிறதே, அதுதான்.

சென்ற வாரம் மன்றத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் என்னை வழியில் நிறுத்தி, "அண்ணா, புது பில்டிங்ல எங்களுக்கு ரூம் உண்டா?" என்று கேட்டாள். புதிய பள்ளியின் கூடத்தைச் சாயங்காலம் தரக்கூடாதா என்று நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன். யார் திறப்பது, யார் பூட்டுவது, மின்கட்டணம் யார் தலையில், பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். பழைய கட்டடத்தில் இவற்றுக்கெல்லாம் ஒரு தனிக் கதவும் ஒரு காவலாளியும் பதிலாக இருந்தார்கள்.

அதனால் இப்போது நான் மன்றம் வேண்டும் என்று கேட்கவில்லை. வரைபடத்தில் மூன்று சின்ன மாற்றங்கள் கேட்டு எழுதியிருக்கிறேன். தரைத்தளச் சேமிப்பறையின் வெளிக்கதவைச் சாலைப் பக்கம் திருப்ப வேண்டும், பக்கத்துக் கழிப்பறைக்கு அந்த அறையிலிருந்தே வழி விட வேண்டும், அந்த அறைக்குத் தனி மின்மீட்டர் போட வேண்டும். சுவர் இன்னும் எழும்பவில்லை, இப்போது செய்தால் செலவு பெரிதாக ஏறாது. நான்காவதாக, அறை அட்டவணையில் அதற்கு எதிரே 'சேமிப்பறை / மாலையில் இளைஞர் மன்றம்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் மூன்றுக்கும் பார்க்கலாம் என்றார்கள். நான்காவதுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் அவள் கூட்டாளிகளையும் அழைத்துப் போகிறேன்.