கோபேயில் ஒரு ஜாக்கி, மீனாட்சிபுரத்தில் ஒரு கயிறு

2025 ஜனவரி 17, விடிகாலை. ஜப்பானின் கோபே நகரத்தில் ஒரு பூங்காவில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் குளிர் தாங்காமல் நின்றிருந்தேன். பக்கத்தில் தம்பி மகன். ஒசாகாவில் வேலை பார்க்கிறான். தரையெல்லாம் மூங்கில் குழாய்க்குள் ஏற்றிய விளக்குகள். மணி 5:46 ஆனதும் அவ்வளவு பெரிய கூட்டமும் தலை குனிந்து அமைதியானது. 1995-ல் இதே நாள், இதே நிமிஷத்தில்தான் நிலநடுக்கத்தில் அந்த ஊர் குலுங்கி விழுந்தது. அங்கும் சுற்றுவட்டாரத்திலுமாக 6,434 பேர் இறந்துபோனார்கள்.

எனக்கு நெல்லையில் எங்கள் மீனாட்சிபுரம்தான் கண்ணுக்குள் வந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரில், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு வந்தார். கையில் கிணற்றுக் கயிறு. வாசலிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "மதினி, ஆச்சி எந்த ரூம்ல படுத்திருக்காவ?"

என் மாமியாருக்கு நடக்க முடியாது. எப்போதும் முன்னறையில்தான் படுப்பார். அங்கே கூரை ஒழுகியதால் இரண்டு நாள் முன்புதான் பின்கட்டுக்கு மாற்றியிருந்தோம். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கயிற்றால் மார்போடு சேர்த்துக் கட்டி, நாலு பேர் தூக்கிப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். தெருவுக்குப் படகு வந்தது மறுநாள். அதற்குள் எங்கள் தெருவில் மீட்க வேண்டியவர்களை எல்லாம் தெருக்காரர்களே மீட்டுவிட்டார்கள்.

கோபேயில் 2002-ல் திறந்த நிலநடுக்க அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே நிலநடுக்கத்தில் தப்பியவர்களே வந்து பார்வையாளர்களிடம் பேசுகிறார்கள். ஒரு பெரியவர் சொன்னதைத் தம்பி மகன் தமிழில் சொன்னான்: "இடிபாட்டிலிருந்து உயிரோட வந்தவங்கள்ல பெரும்பாலோரை எடுத்தது வீட்டாளுகளும் அக்கம்பக்கத்தாரும்தானாம் அத்தை." எனக்குச் சிலிர்த்துவிட்டது. எதிரே இருக்கும் அவாஜி தீவில் ஹொகுதான் என்ற சிற்றூர். பூமி பிளந்த இடத்தை அங்கே கூரை போட்டு அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் சிக்கியவர்களை அந்த ஊர்க்காரர்கள் அன்று பகலுக்குள் எடுத்துவிட்டார்கள். யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணாச்சி கேட்ட அதே கேள்விக்கு அங்கே பதில் முன்கூட்டியே இருந்திருக்கிறது.

அந்த அனுபவத்தைக் கோபே நகராட்சி வீணாக்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளி வட்டாரம் ஒன்றுக்கு ஒரு குழு என்று அமைத்தார்கள். சுருக்கமாக 'போகோமி' என்கிறார்கள். பேரிடர் தடுப்பு, மக்கள் நலம் இரண்டும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தார் பயிற்சி கொடுக்கிறார்கள். ஜாக்கி, கடப்பாரை, ரம்பம், சிறிய பம்பு எல்லாம் அந்தந்த வட்டாரத்துக் கொட்டகையிலேயே இருக்கும். சாவி தெருக்காரர்கள் கையில். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்த 'நலம்' என்ற சொல்தான். தனியாக இருக்கும் வயசாளிகளைச் சாதாரண நாளிலேயே போய்ப் பார்த்து வருவதும் இதே ஆட்களின் வேலை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவளுக்குத்தான் படுக்கை எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

நான் கோபேயில் இருந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளி மைதானத்தில் பயிற்சி நடந்தது. மர அலமாரி ஒன்றைச் சாய்த்துப் போட்டு அடியில் துணியால் செய்த பெரிய தவளை பொம்மையைச் சிக்க வைத்திருந்தார்கள். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பூப்போட்ட ஏப்ரனோடு குனிந்து கார் ஜாக்கியை உள்ளே செருகிச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளியில் ஒரு மரக்கட்டை வைத்தார். ஜாக்கி நழுவினாலும் அலமாரி இறங்காது. பிறகு இரண்டு சின்னப் பையன்கள் தவளையை இழுத்துப் போர்வையில் போட்டு ஓடினார்கள். பழைய விளையாட்டுச் சாமான் கொண்டுவந்து கொடுத்து, பயிற்சி செய்து புள்ளி சேர்த்து, வேறு சாமான் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு 2005-ல் அங்கேதான் தொடங்கியது. ஜப்பான் மொழியில் 'கயெரு' என்றால் தவளை. மாற்றிக்கொள்வதற்கும் அதே சொல். என் கையிலும் ஜாக்கியைக் கொடுத்தார் அந்த அம்மா. நான் கட்டை வைக்க மறந்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, கட்டையைக் காட்டினார்.

நமக்கு இதெல்லாம் புதுசு என்று நான் நினைக்கவில்லை. குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே இருக்கும் முருகன் கோவிலில், வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எப்போது எடுக்கணும், எந்த வழியாகப் போகணும் என்பது அங்கே கைமாறி வந்த ஒழுங்கு. 2023-ல் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனபோது, தங்கள் ஊரே தண்ணீரில் கிடந்தும் புதுக்குடிக்காரர்கள் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். மனசும் பழக்கமும் இருக்கிறது. சாமிக்கு இருக்கிற ஏற்பாடு படுத்த படுக்கையாக இருக்கிற ஆச்சிக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் வந்த மறு ஞாயிறு, அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் கூடினோம். ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தெருவை வரைந்தேன். எந்த வீட்டில் யார் நடக்க முடியாதவர், எந்த அறை, மாடிப்படி உள்ளேயா வெளியேயா, கேஸ் சிலிண்டர் எங்கே. எழுத எழுத, தெரியும் என்று நினைத்த பாதி தெரியவில்லை. மூலை வீட்டு மதினிக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கயிறும் இரண்டு லாரி டியூபும் அண்ணாச்சி வீட்டு மாடியில் இருக்கட்டும் என்று முடிவானது.

"மழைக்கு முன்னாடி ஒருக்கா எல்லாரையும் தூக்கிப் பாத்திரணும்" என்றார் அண்ணாச்சி. சரி, ஐப்பசி பிறக்குமுன் நாற்காலியில் கட்டித் தூக்கிப் பழகுவதாகப் பேசியிருக்கிறோம். பதினோராம் வீடு சென்னையில் இருப்பவர்களுடையது. கீழே வாடகைக்கு இருக்கும் பெரியவர் தனி ஆள். மாடிக் கதவோ பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.