மேகப் படம் வந்தால் பெயரைத் தேடாதீர்கள்

எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் என் முன்னால் ஒரு செயற்கைக்கோள் படத்தை வைத்தார்கள். ஜப்பான் கடல்மீது, தறியில் பாவு ஓட்டியதுபோல் இணைகோடுகளாய் மேகங்கள். "இது ஏன் இப்படி?" என்று ஒரே கேள்வி. மேக வகைகள் பத்தும் உயரங்களோடு எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றுகூடக் கை கொடுக்கவில்லை.

பிறகுதான் என் படிப்பு முறையை மாற்றினேன். எந்தப் படமானாலும் முதலில் கேட்க வேண்டியது: அடியில் சூடேறுகிறதா, உச்சியில் குளிர்கிறதா? அடுத்தது, காற்றின் வேகம்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றுக்குக் கடல்நீர் வெந்நீர் மாதிரி. அடியில் சூடும் ஈரமும் ஏறி எழும் காற்று, மேலே மூடிபோல் கிடக்கும் வெப்பத் தலைகீழ் அடுக்கில் (உயரே போகப் போகக் குளிராமல் சூடாகும் காற்றடுக்கு) முட்டி நிற்கிறது. காற்று பலமாக வீசுவதால் வெப்பச்சலனம், அதாவது சூடானது ஏறிக் குளிர்ந்தது இறங்கும் ஓட்டம், அதன் திசையிலேயே நீண்ட உருளைகளாகிறது. அடுத்தடுத்த உருளைகள் எதிரெதிராய்ச் சுழலும். இரண்டும் சேர்ந்து மேலேற்றும் இடத்தில் மேகம், கீழிறக்கும் இடத்தில் தெளிவு. கரையை ஒட்டி மேகமே இல்லாத பட்டை ஒன்று தெரியும். காற்று ஈரம் ஏற்கப் பிடிக்கும் தூரம் அது. இதை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

நான் அதிகம் குழம்பியது அறை வடிவ மேகங்களில். பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் காணும் மூடிய அறைகளில் நடுவில் மேகம், ஓரத்தில் இடைவெளி. மேக உச்சி வெப்பத்தை இழந்து குளிர்வதே அங்கே இயக்கும் விசை. குளிர்காற்று சூடான கடல்மீது பாயும்போது தோன்றும் திறந்த அறைகள் இதற்கு நேரெதிர்: தேனடைபோல் சுவர் மட்டும் மேகம், நடு வெறுமை.

பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார், அடியில் சூடாக்கிய திரவத்தில் 1900இல் கண்ட அறுகோணங்களை இங்கே உதாரணமாக எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். எழுதுங்கள், ஆனால் கவனமாக. அவருடைய மெல்லிய திரவப் படலத்தில் முக்கிய வேலை செய்தது பரப்பு இழுவிசை; மேகத்துக்கு அது பொருந்தாது.

தினமும் ஒரு இன்சாட் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, அதன்கீழே பக்கவாட்டு வெட்டுமுகம் வரையுங்கள். ஏறும் அம்பு, இறங்கும் அம்பு, மேலே மூடி. கோடைப் பிற்பகலில் தமிழகக் கடலோரத்தில் தொடங்கலாம்: கடற்காற்று புகுந்த பகுதி தெளிவாகவும், அதன் முகப்பில் திரள் மேகங்கள் வரிசைகட்டியும் நிற்கும்.